தற்காலிகப் பெயர்கள்

பிப்ரவரி 11

வக்கீலம்மாவின் சமூகத்துக்கு,

தாய்மாமன் எழுதிக்கொள்வது. இந்தக் கடிதத்தில் நான் சொல்லப்போகும் கதையை உலகத்தில் ஒரு ஜீவனும் நம்பாது என்று, முப்பத்தொரு வருடமாக என் பிழைப்பைத் தாங்கிவரும் லிஃப்ட் கயிறுகளின் மேல் ஆணையிட்டு ஆரம்பிக்கிறேன். சின்ன வயதிலிருந்தே என் கதைகளைக் குறுக்கு விசாரணை செய்து வக்கீலம்மா என்று பெயர் வாங்கிய நீயும் நம்பிவிடாதே. நம்பினால் எனக்குத்தான் இழுக்கு.

நேற்றுக் காலை பத்து மணிக்கு எங்கள் பதினான்கு மாடிக் கட்டடம் அப்படியே உறைந்து நின்றது. உன் வீடியோ விளையாட்டுக் கம்பெனி முந்நூறு பேரை ஒரே மூச்சில் வீட்டுக்கு அனுப்பிவிட்ட செய்தி எல்லோர் போனிலும் ஒரே சமயத்தில் வந்து விழுந்ததுதான் காரணம். நாலாம் மாடி இன்சூரன்ஸ் ஆபீசில் தட்டச்சு செய்துகொண்டிருந்தவர் 'ட' என்ற எழுத்தின் மேல் வைத்த விரலை எடுக்கவில்லை. பதினாறு பக்கத்துக்கு 'ட' ஓடிவிட்டது. அதில் கையெழுத்துப் போட்டு அனுப்பியும் விட்டார்கள். ஒன்பதாம் மாடிப் பல் டாக்டர் பிடுங்க வேண்டிய பல்லை விட்டுவிட்டுப் பக்கத்துப் பல்லைப் பிடுங்கினார். நோயாளி கண்டுகொள்ளவில்லை. அவரும் செய்தி படித்துக்கொண்டிருந்தார்.

லிஃப்டுக்குள் என்ன பேசினார்கள் என்று உனக்குத் தெரிய வேண்டாமா? மேல்கூரையில் எண்ணெய் போட்டுக்கொண்டிருந்த என் காதில் விழுந்தது விழுந்தபடி:

"முந்நூறு பேராம்ப்பா."

"விளையாட்டுக் கம்பெனில முந்நூறு பேருக்கு என்ன வேலை?"

"விளையாடிட்டு இருந்திருப்பாங்க."

"அந்த ஊர்வாய் எழுதறவங்க கூடப் போயிட்டாங்களாமே. அந்தப் படிக்காரர் பேசறதை எழுதினவங்க."

"ஐயோ, படிக்காரரா!"

அப்புறம் இரண்டு மாடி வரைக்கும் சத்தமே இல்லை. இந்த மௌனம் மட்டும் நான் கூட்டிச் சொன்னதில்லை. சரி, ஒரு மாடி.

உன் வேலையை யாரிடமாவது விளக்குவதற்குள் எனக்கு நாக்கு வறண்டுவிடும். விளையாட்டுக்குள் கதாநாயகன் கத்தியைச் சுழற்றும்போது தெருவில் நிற்கும் சனங்கள் ஏதாவது சொல்ல வேண்டுமல்லவா, அந்த ஏதாவதை எழுதுகிறவள் என் அக்கா மகள் என்பேன். "அதுக்கெல்லாம் ஆள் இருக்கா?" என்பார்கள். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது. அந்த ஊருக்கே வாய் செய்து கொடுக்கிறவள் என்பேன். உங்கள் பிரிவுக்கு 'ஊர்வாய்' என்று பெயர் வந்ததும் நான் உனக்கு எழுதிய ஒரு கடிதத்தால்தான் என்பதை வரலாறு மறக்கக் கூடாது.

படிக்காரரும் என் சொத்துதான். ஆறாம் மாடிக்கும் ஏழாம் மாடிக்கும் நடுவில் இரண்டு மணி நேரம் மாட்டிக்கொண்ட வழுக்கைத்தலைப் பெரியவர், நான் கதவைப் பிளந்ததும் சட்டையை நீவிவிட்டுக்கொண்டு, "அவசரமில்ல, நான் படியில வர்றேன்" என்றார். உனக்கு எழுதினேன். நீ அதைக் கோபுரம் இடிந்து விழும் கட்டத்தில் ஓடும் கூட்டத்துக்கு நடுவே ஒரு வழுக்கைத்தலைக்காரர் வாயில் வைத்தாய். இன்று ஊரே சொல்கிறது.

போனில் பேசியிருப்பேன். ஆனால் மூன்று வருடத்துக்கு முன் நீ போட்ட தடையுத்தரவு அமலில் இருக்கிறது: "மாமா, போன்ல நீங்க என்னைப் பேசவே விடமாட்டேங்கறீங்க. இனிமே எழுதுங்க." அக்கா மட்டும் பேசினாள். "அவ லீவுல இருக்காடா" என்றாள். லீவு என்ற சொல்லைப் பல் வலிக்காரி மாதிரி உச்சரித்தாள்.

தைரியமாக இரு. உங்கள் கம்பெனித் தலைவர் இணையத்தில் போட்ட அறிக்கைக்குக் கீழே நானும் ஒரு கருத்து எழுதிவைத்தேன். சின்னது. அடக்கமானது.

மாமா

&nbsp;

பிப்ரவரி 19

மாமாவுக்கு,

உங்கள் சின்ன, அடக்கமான கருத்தை இதுவரை நாற்பத்திரண்டாயிரம் பேர் படித்துவிட்டார்கள். அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் நடந்ததைச் சொல்கிறேன், நடந்த அளவில்.

வியாழக்கிழமை காலை எட்டு நாற்பதுக்குத் தலைவரின் கடிதம் வந்தது. "கனத்த இதயத்துடன் நாம் இலகுவாகிறோம்" என்று முதல் வரி. அதைப் படித்து முடிப்பதற்குள் என் கணினி தானாக அணைந்தது. மனிதவளத்துறைப் பெண் ஒவ்வொருவருக்கும் பத்து நிமிடம் கொடுத்தாள். "இது உங்க வேலையைப் பத்தினது இல்லங்க" என்றாள். "அப்ப எதைப் பத்தினதுங்க?" என்று கேட்டேன். கையிலிருந்த தாளைப் பார்த்து, "இலகுவாக்கம்" என்று வாசித்தாள். ஊர்வாய்ப் பிரிவில் நாங்கள் நாலு பேர். நாலு பேருமே இலகு.

ஊர் என்ன சொல்கிறது என்று நீங்கள் லிஃப்டின் மேல் உட்கார்ந்து கேட்டீர்கள். நான் போனில் படித்தேன். "இதயம் கனக்குதுன்னா முதல்ல அதை இறக்கி வைங்க" என்று ஒருவர். "நல்லா வேணும், போன ஆட்டத்துல என் குதிரை சுவத்துக்குள்ள நின்னுச்சு" என்று ஒருவர். இனி இந்தக் கம்பெனியின் ஆட்டத்தைத் தொடவே மாட்டேன் என்று எழுதிய ஒருவர், அடுத்த வரியிலேயே, "புதுசு எப்ப வருது?" என்று கேட்டிருக்கிறார். எனக்கு இதிலெல்லாம் வருத்தம் வரவில்லை. ஆறு வருடமாக இப்படித்தானே எழுதினேன். ஒரு வீடு எரிந்தால் கூட்டத்தில் ஒருத்தி அழ வேண்டும், ஒருத்தன் காரணம் சொல்ல வேண்டும், ஒருத்தன் தன் செருப்பைத் தேட வேண்டும். சரியாகத்தான் எழுதியிருக்கிறேன் என்று தோன்றியது. எதிர்வீட்டு அம்மா மட்டும் நேரிலேயே கேட்டார்: "விளையாட்டை நிறுத்திட்டாங்களாமே, இனிமே படிப்பைப் பாருங்க." எனக்கு முப்பத்து நாலு வயது.

இப்போது உங்கள் விஷயம். வெளியே போகும்போது ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார்கள். புதிய ஆட்டம் மே இரண்டாம் தேதி வெளியாகும்வரை நானோ என் சார்பில் எவருமோ உள்ளே நடந்த வேலையைப் பற்றிப் பொதுவில் பேசக் கூடாது. பேசாமலிருந்தால் ஆட்டத்தின் கடைசியில் ஓடும் பட்டியலில் என் பெயர் வரும். போன ஆட்டத்தில் நான் ஒப்பந்த ஆள், பெயர் போடவில்லை. படிக்காரரை நான் எழுதினேன் என்பதற்கு உங்கள் கடிதத்தைத் தவிர வேறு சாட்சி கிடையாது. உங்கள் கடிதத்தைச் சாட்சியாக எந்த ஊரில் ஏற்பார்கள்? எனக்கு வேண்டியது அந்தப் பட்டியலில் நாலு நொடி. அடுத்த வேலைக்குப் போய் நின்றால் காட்ட அதுதான் இருக்கிறது.

நீங்கள் எழுதியது இது: "இந்த ஆட்டத்தில் வாய் திறந்த ஒவ்வொருவருக்கும் வாய் கொடுத்தவள் என் அக்கா மகள். பதினோராயிரம் வரிகளை ஒரே மத்தியானத்தில் இடது கையால் எழுதினாள். வலது கை தலைவருக்கு விசிறிக்கொண்டிருந்தது. அவள் போனபின் அவருக்குப் பேச வாயில்லாமல் மேசைக்கடியில் உட்கார்ந்திருக்கிறார். இப்படிக்கு, லிஃப்ட் மகாராஜா."

என் மாமா லிஃப்ட் மெக்கானிக் என்பது எங்கள் தளம் முழுக்கத் தெரியும். நான்தான் பெருமையாகச் சொல்லிவைத்தேன். மனிதவளத்துறைப் பெண் கூப்பிட்டு, "மகாராஜா உங்க மாமாங்களா?" என்று கேட்டாள்.

அதை நீக்குங்கள். நீக்குவதை மட்டும் செய்யுங்கள். புதிதாக எதுவும் எழுதாதீர்கள்.

உங்கள் அக்கா மகள்

&nbsp;

பிப்ரவரி 25

வக்கீலம்மா,

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நுணல் ஒரு தடவைதான் கெட்டது. நான் இரண்டு தடவை.

நீக்கிவிட்டேன். அதோடு கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். ஆனால் விதைத்தவன்தானே களையும் எடுக்க வேண்டும் என்று ஒரு நியாயம் மண்டைக்குள் ஏறியது. ஒரு மறுப்பு எழுதினேன். மிகவும் பொறுப்பான மறுப்பு: "நான் பிறவிப் பொய்யன். எழுதியது அத்தனையும் கட்டுக்கதை. எனக்கு அக்காவே கிடையாது."

அரை மணி நேரத்தில் ஊர்வாய் திறந்துகொண்டது. "பெரியவரை மிரட்டிட்டாங்க." "அக்காவையே இல்லேன்னு சொல்ல வச்சுட்டாங்களே பாவிங்க." "மகாராஜா, பயப்படாதீங்க, நாங்க இருக்கோம்." உண்மையாகவே பொய்தான் சொன்னேன் என்று இன்னொரு மறுப்பு எழுதினேன். அதற்கு எண்பதாயிரம் பேர் கண்ணீர் பொம்மை போட்டார்கள். தலைவரின் அறிக்கைக்குக் கீழே ஆயிரக்கணக்கில் ஒரே வரி வந்து குவிகிறது: "அவசரமில்ல, நாங்க படியில வர்றோம்." எண்ணிக்கையில் நான் கைவைக்கவில்லை. அதற்கு அவசியமே வரவில்லை.

அக்கா கூப்பிட்டாள். "எனக்குத் தம்பியே கிடையாதுன்னு நானும் ஒண்ணு எழுதட்டுமாடா?" என்றாள். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. என் வாழ்க்கையில் இது முதல் தடவை. தேதியைக் குறித்து வைத்துக்கொள்.

இன்னொரு கொடுமை கேள். எங்கள் கட்டடத்து வாட்ச்மேன் என்னிடம் வந்து, "அண்ணே, அந்த லிஃப்ட் மகாராஜாவைப் பத்திக் கேள்விப்பட்டீங்களா? நம்ம ஆளு மாதிரியே லிஃப்ட்காரராம்" என்றான்.

"நான்தான்யா அது."

"போங்கண்ணே. போன வாரம் முதலையோட லிஃப்ட்ல மாட்டிக்கிட்டேன்னு சொன்னதும் நீங்கதானே."

கம்பெனிக்கு நானே நேரில் போய் விளக்கட்டுமா? சொன்னால் நாளைக்கே கிளம்புகிறேன். உன் உத்தரவு இல்லாமல் இனி ஒரு எழுத்துகூட எழுத மாட்டேன்.

மாமா

&nbsp;

மார்ச் 4

மாமா,

நேரில் போகாதீர்கள். தேவையில்லை. பட்டியலை நேற்று மூடிவிட்டார்கள். என் பெயர் இல்லை. இரண்டு வரியில் கடிதம் வந்தது. என்னோடு வெளியேறிய மற்ற எல்லோருடைய பெயரும் இருக்கிறது.

நீங்கள் நல்ல எண்ணத்தில்தான் செய்தீர்கள் என்று அம்மா சொல்கிறார். எனக்கும் தெரியும். அதனால் கோபம் குறையவில்லை. எதற்குக் கோபம் என்று மட்டும் சொல்லிவிடுகிறேன்.

பதினோராயிரம் வரி என்று எழுதினீர்கள். நான் எழுதியது பதினோராயிரத்து நானூற்றுப் பதினேழு. நாட்டிலேயே பெரிய புளுகர் நீங்கள், உங்கள் புளுகுகூட என் வேலையைவிடச் சின்னதாக இருந்தது. ஒரே மத்தியானத்தில் எழுதினாள் என்றீர்கள். ஆறு வருடம், மாமா. ஆறு வருடத்தை ஒரு மத்தியானமாக்கிவிட்டீர்கள். கம்பெனியும் அதைத்தான் செய்தது.

கொஞ்ச நாள் எழுதாதீர்கள்.

&nbsp;

மார்ச் 21

வக்கீலம்மாவுக்கு,

எழுதாதே என்றாய். பதினேழு நாள் எழுதவில்லை. காலண்டரில் எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம்.

தப்பு என்னுடையது. அதற்கு முன்னும் பின்னும் ஒரு உவமையும் சேர்க்காமல் எழுத முயற்சி செய்கிறேன், கை நடுங்குகிறது. இதோ, நடுக்கம் என்று எழுதிவிட்டேன். நடுங்கவில்லை. வெறுமனே எழுத வரவில்லை.

இன்று பதினோராம் மாடிக் கதவில் ஒரு உருளையை மாற்றினேன். நாற்பது நிமிடம் ஆனது. கதவு இப்போது சரியாக மூடுகிறது.

பதினோராயிரத்து நானூற்றுப் பதினேழு. என் கருவிப்பெட்டி மூடிக்கு உள்பக்கம் எழுதி வைத்திருக்கிறேன்.

பதில் வேண்டாம்.

மாமா

&nbsp;

ஏப்ரல் 12

மாமா,

கதவில் உருளை மாற்றியதைப் பற்றி நீங்கள் எழுதியதை அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். "அவனுக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று பதறிவிட்டார். அதனால் எழுதுகிறேன். கோபம் இருக்கிறது, ஆனால் பழையதாகிவிட்டது.

உங்களிடம் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். யாரிடமும் சொல்லக் கூடாத விஷயம். அதை உலகத்திலேயே வாய் நிற்காத ஆளிடம் சொல்கிறேன் என்றால் என் நிலைமையைப் புரிந்துகொள்ளுங்கள்.

புதிய ஆட்டத்தில் ஒரு பாலம் உடைகிறது. ஆற்றங்கரையில் சனங்கள் காணாமல் போன தங்கள் ஆட்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். அந்தக் கூப்பாட்டுக்கு எண்பத்தாறு பெயர்கள் தேவைப்பட்டன. ஒத்திகைப் பதிவுக்காக அப்போதைக்கு எங்கள் ஆபீஸ் ஆட்களின் பெயர்களையே எழுதிக் கொடுத்தேன். சோதனைப் பிரிவு, படம் வரைகிறவர்கள், வரவேற்பு மேசைப் பெண் எல்லோரும் இருந்தார்கள். தற்காலிகப் பெயர்கள் என்று மேலே கொட்டை எழுத்தில் போட்டிருந்தேன். அடுத்த திங்கட்கிழமை கற்பனைப் பெயர்களைக் கொடுத்து மறுபடி பதிவு செய்வதாக ஏற்பாடு. வியாழக்கிழமை எங்களை அனுப்பிவிட்டார்கள்.

போன வாரம் சோதனைப் பிரிவில் மிச்சமிருக்கும் ஒருவர் கூப்பிட்டார். "என்னங்க இது, பாலத்துகிட்ட நின்னா என் பேரைச் சொல்லிக் கதறாங்க?" என்றார். மறுபதிவை ரத்து செய்திருக்கிறார்கள். ஒத்திகைப் பதிவே இறுதிப் பதிவாகிவிட்டது. பெயர்களை மாற்றுவது ஊர்வாய்ப் பிரிவின் வேலை; ஊர்வாய்ப் பிரிவு இல்லை.

என் மேல் தப்பில்லை. கடைசி நாள் ஒப்படைப்புப் படிவத்தில் ஏழாவது வரியாக எழுதிக் கொடுத்தேன். பிறகு இரண்டு தடவை மின்னஞ்சலும் போட்டேன். தானியங்கிப் பதில் வந்தது: "இந்தப் பிரிவு இப்போது செயல்படவில்லை. அவசரமெனில் ஊர்வாய்ப் பிரிவைத் தொடர்புகொள்ளவும்."

எண்பத்தாறு பேரில் ஐம்பத்தொன்பது பேர் இன்று அங்கே இல்லை. ஒவ்வொருவரையும் தேடிக் கூப்பிட்டுக் கேட்டேன், மூன்றாவது தடவையும் எழுதிப் பார்க்கட்டுமா என்று. எல்லோரும் விடச் சொன்னார்கள். வரவேற்பு மேசைப் பெண், "போனதுக்கப்புறம் ஒரு மனுஷன்கூடக் கூப்பிடலங்க, அந்த ஆத்தங்கரையிலயாவது கூப்பிடட்டும்" என்றாள். உள்ளே இருப்பவர்களில் ஒருத்தியை மட்டும் கேட்கவில்லை. அந்தப் பதிவைச் செய்த ஒலிப்பதிவுக்காரி. ஆறு வருடம் தினமும் மதியம் அவளோடுதான் சாப்பிட்டேன். அந்த வியாழனுக்குப் பிறகு அவளிடமிருந்து ஒரு போன்கூட இல்லை. நானும் செய்யவில்லை.

என் பெயர் எண்பத்தாறில் இருக்கிறதா என்று கேட்பீர்கள். இல்லை. கூப்பிடுகிறவர்களை எழுதுகிறவள் தன்னையே எப்படிக் கூப்பிட்டுக்கொள்வாள்? அப்போது தோன்றவே இல்லை.

இன்னும் இருபது நாள். வாயைத் திறக்காமல் இருக்க முடியுமா உங்களால்?

வ.

&nbsp;

ஏப்ரல் 18

வக்கீலம்மா,

முடியும்.

மாமா

பி.கு.: இதை எழுதி முடிக்க ஆறு நாள் ஆனது.

&nbsp;

மே 6

மாமா,

ஆட்டம் வெளியாகிவிட்டது. இரண்டாம் நாளே சனங்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். போன ஆட்டத்தின் பட்டியலையும் ஆற்றங்கரைக் கூப்பாட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒருவர் படம் போட்டார். அதற்குப் பிறகு அடங்கவில்லை. ஒருவர் பாலத்தடியில் நின்று ஒவ்வொரு பெயருக்கும் "உள்ளேன்" என்று சொல்லிப் படம் எடுத்திருக்கிறார். "இறந்தவங்களைக் கூப்பிடற மாதிரி இருக்கு, அபசகுனம்" என்று சிலர். "குதிரை இன்னும் சுவத்துக்குள்ளதான் நிக்குது" என்று அதே பழைய ஆள்.

நேற்றுத் தலைவர் அறிக்கை விட்டார். "இது எங்களோடு பயணித்தவர்களுக்கு நாங்கள் திட்டமிட்டுச் செலுத்திய மரியாதை." ஏழாவது வரியைப் படிக்காததற்கு இப்படி ஒரு பெயர். ஊர் கைதட்டியது. வரவேற்பு மேசைப் பெண் என்னிடம் போனில் சிரித்த சிரிப்பில் எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அந்த மரியாதையை ஒத்திகைக்காக எழுதியவள் பட்டியலிலும் இல்லை, கூப்பாட்டிலும் இல்லை. இதைச் சொல்லிப் புலம்ப உங்களைத் தவிர ஆளில்லை. அம்மாவிடம் சொன்னால் மறுபடி லீவு என்பார்.

அடுத்த வாரம் ஒரு இடத்தில் நேர்காணல். நான் இந்த ஆட்டத்தை விளையாடப் போவதில்லை. நீங்களும் பார்க்க வேண்டாம்.

இருபது நாள் வாயைக் கட்டியதற்கு நன்றி. கட்டினீர்கள்தானே?

வ.

&nbsp;

மே 13

வக்கீலம்மாவின் சமூகத்துக்கு,

கட்டினேன். மேலும் விவரம் கேட்டால் ஒரு சறுக்கலையும் ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கும். பதினான்காம் நாள் தாங்க முடியாமல் வாட்ச்மேனிடம் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். பாலம், எண்பத்தாறு பெயர், ஏழாவது வரி, எல்லாம். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "முதலை கதையே இதைவிட நல்லா இருந்துச்சுண்ணே" என்றான். என் ஆயுளில் முதல் தடவையாக ஒரு கதையை அளவு மாற்றாமல் சொன்னேன். அதற்கு இந்த மரியாதை. ரகசியம் பத்திரமாக இருந்தது.

பார்க்க வேண்டாம் என்றாய். பார்த்துவிட்டேன். ஏழாம் மாடி ஆடிட்டர் தன் விளையாட்டுப் பெட்டியை ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு இரவல் கொடுத்தார். நான் திரைக்குள் காலை வைத்ததுமே ராஜ்ஜியம் கிடுகிடுத்தது. என் வீரன் முதல் அடியிலேயே ஒரு ராட்சசனைக் கொட்டாவியால் வீழ்த்தினான். குதிரை என்னைக் கண்டதும் சுவரைவிட்டு வெளியே வந்து வணங்கியது. பாலத்தை அடைவதற்குள் பதினோரு தடவை ஆற்றில் விழுந்தேன், பன்னிரண்டாவது தடவை ஆறே, "மறுபடியுமா மாமா?" என்று கேட்டுவிட்டு ஒதுங்கிக்கொண்டது. விஷயம் பரவி எங்கள் பதினான்கு மாடியும் என் அறைக்குள் வந்துவிட்டது. பல் டாக்டர் நோயாளியோடு வந்தார், நோயாளி நாற்காலியோடு வந்தார். பாலம் உடைந்ததும் எண்பத்தாறு பேரும் ஆற்றிலிருந்து எழுந்து, தலையைத் துவட்டிக்கொண்டு, "ஏழாவது வரியைப் படிச்சது யாரு?" என்று ஒரே குரலில் கேட்டார்கள். தலைவர் மேசைக்கடியிலிருந்து கையை மட்டும் தூக்கினார்.

இதில் ஒரு வார்த்தையையும் நம்பாதே. தனியாகத்தான் விளையாடினேன். ஆற்றில் விழுந்தது பதினோரு தடவை இல்லை, முப்பதுக்கு மேல். பாலம் உடைந்ததும் எந்தப் பட்டனை அமுக்கினால் ஓடலாம் என்று எனக்குத் தெரியவில்லை. விளையாடத் தெரிந்தவர்கள் எல்லோரும் அந்த இடத்தில் வலது பக்கம் ஓடிவிடுகிறார்களாம். கூப்பாடு அவர்கள் முதுகுக்குப் பின்னால் நின்றுவிடுகிறது. நான் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு அங்கேயே நின்றேன். பெயர்கள் எல்லாம் முடிந்தன. அப்புறம் தண்ணீர்ச் சத்தம் மட்டும். அதற்கும் அப்புறம், மைக் முன்னால் பேசிப் பழகாத ஒரு பெண் குரல். தொண்டையைக் கனைத்துக்கொண்டது. கதறவில்லை. பக்கத்து மேசையில் உட்கார்ந்திருக்கும் ஆளைக் கூப்பிடுவதுபோல, "ஏய்" என்று சொல்லி, உன் முழுப் பெயரில் பின்பாதியை மட்டும் சொல்லி, "சாப்பிட வரலையா?" என்று கேட்டது.

நம் வீட்டில் உன்னை அப்படி யாரும் கூப்பிட்டது கிடையாது. அக்காவுக்கு நீ பாப்பா, எனக்கு நீ வக்கீல். அந்தப் பெயரைப் பாதியாக வெட்டலாம் என்பதே எனக்கு அந்த நிமிடம்வரை தெரியாது. எனக்குத் தெரியாத ஒன்றை நான் எப்படிப் புளுக முடியும்? அந்தப் பாதியை இங்கே எழுத மாட்டேன். எழுதினால் நான் வைத்த பெயர் மாதிரி ஆகிவிடும். ஆடிட்டர் பெட்டியைக் கேட்டு வாங்கி மறுபடி இரண்டு தடவை அங்கே போய் நின்று கேட்டேன். இரண்டு தடவையும் இருந்தது.

பாலம் உடைந்ததும் எதையும் தொடாமல் இரண்டு நிமிடம் நில். இந்தக் கடிதத்தில் இது ஒன்றுதான் உண்மை.

மாமா